சிங்கப்பூரில் பழைய பென்ஸ் கூப்பேயைப் புதுப்பிக்க: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஜெர்மன் கூப்பே (இரண்டு கதவுக் கார்) ஒன்றை வாங்கி, துருவைச் சுரண்டி, சரிசெய்து, பழையபடி ரோட்டில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறதா? இந்த ஊரில் அதைச் செய்ய முடியும். செலவு அதிகம், இடம் குறைவு, விதிகள் நிறைய, ஆனாலும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது என்பதால், ஒரே காரை வைத்துச் சொல்கிறேன்: மெர்சிடிஸ் பென்ஸ் சி123, அதிலும் 230சிஇ. வேறு கூப்பே வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலிலேயே இரண்டு விஷயம். இன்ஜின் சத்தத்தில் மயங்கி வாங்காதீர்கள், உடம்பைப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு காரை மொத்தமாகப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள், கட்டம் கட்டமாகச் செய்யுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வருவதுபோல வீட்டு கராஜில் ஐந்து வருடம் காரை எலும்புக்கூடாக நிறுத்தி வைப்பது இங்கே நடக்காத காரியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஏன் இந்தக் கார்

123 வரிசையில் செடான், வேகன், கூப்பே எல்லாம் சேர்த்து சுமார் 27 லட்சம் கார்கள் தயாராயின. அதில் கூப்பே ஏறக்குறைய 1 லட்சம்தான். 1977 முதல் 1985 வரை வந்தது. செடானைவிட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்) 85 மில்லிமீட்டர் குறைவு, கூரை தாழ்வு, கண்ணாடிகள் அதிகம் சாய்ந்திருக்கும், நடுத்தூண் கிடையாது. நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. அந்த அழகுக்காகத்தான் பலர் இந்தக் காரைத் தேடுகிறார்கள், நானும் அப்படித்தான்.

வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் செடானோடு பொது. 27 லட்சம் காருக்குச் செய்த பாகங்கள் என்பதால் இன்றைக்கும் கிடைக்கின்றன, பென்ஸ் நிறுவனத்தின் கிளாசிக் பிரிவும் பலவற்றை விற்கிறது. கஷ்டம் எங்கே என்றால், கூப்பேக்கு மட்டும் உரியவற்றில்: நீளமான கதவுகள், எல்லாக் கண்ணாடிகளும், பின்பக்க உடல் தகடு, பின் இருக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னல் ரப்பர்கள். முன் கதவுக் கண்ணாடியும் பின் ஜன்னலும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் அந்த ஒரு ரப்பர் கெட்டிருந்தால் மழையில் தோள் நனையும். மாற்று தேடிப் பல மாதம் அலைய வேண்டியிருக்கும். ஆகவே ஓடாத ஆனால் ரப்பரும் கண்ணாடியும் குரோம் பட்டையும் முழுசாக இருக்கும் கார், நன்றாக ஓடும் ஆனால் அவை இல்லாத காரைவிட மேல்.

பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ் மாதிரி கார்மன் பட்டறையில் கட்டிய கூப்பேக்கள் இன்னும் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவை துருவுக்குப் பேர்போனவை, விலையும் எங்கேயோ போய்விட்டது. முதல் காராக வேண்டாம்.

ஸ்பானரை எடுக்கும் முன் காகிதம்

இந்த ஊரில் பழைய கார் என்பது பாதி இரும்பு, பாதி காகிதம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் அந்தக் கார் எந்தத் திட்டத்தின் கீழ் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சாதாரணப் பதிவில் இருந்தால் சிஓஇ (காரை வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) ஓடிக்கொண்டிருக்கும். முடியும்போது 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். கடந்த மூன்று மாத ஏலக் கட்டணத்தின் சராசரிதான் விலை. 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குப் பிறகு இன்னொரு முறை புதுப்பிக்க முடியாது, கார் பதிவிலிருந்து போய்விடும். மீதம் இரண்டு வருடம்தான் இருக்கிறது, அதுவும் 5 ஆண்டு சிஓஇ என்றால், அந்தக் காரில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். 2.3 லிட்டர் இன்ஜின் ‘பி’ பிரிவில் வரும். அந்தப் பிரிவின் கட்டணம் 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. கூடவே 14 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம்.

இன்னொரு வழி கிளாசிக் வாகனத் திட்டம். முதலில் பதிவான நாளிலிருந்து குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். சி123 கடைசியாக வந்தது 1985இல் என்பதால் பெரும்பாலான கார்கள் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டன. செலவு வெகுவாகக் குறையும், ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுக்கிறவருக்கு 45 நாள் கிட்டத்தட்ட போதும். தினமும் வேலைக்கு ஓட்டிப்போக ஆசைப்படுபவருக்கு இது சரிவராது. கட்டணங்களும் நிபந்தனைகளும் மாறிக்கொண்டே இருப்பவை, ஆகவே விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல் ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் அன்றைய விவரத்தைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைத்தால்: பழைய காரைப் பொதுவாக 3 வயதுக்குள்தான் இறக்குமதி செய்ய முடியும், 35 வயது தாண்டிய கிளாசிக் கார்களுக்குத்தான் விலக்கு. வலப்பக்க ஸ்டியரிங் வேண்டுமென்றால் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இருக்கின்றன. பிரிட்டிஷ் கார் என்றால் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அடித்தட்டைத் தின்றிருக்கும், ஆஸ்திரேலியக் கார் என்றால் வெயில் டேஷ்போர்டைப் பிளந்திருக்கும். எனக்கு இரண்டில் ஒன்று என்றால் ஆஸ்திரேலியாதான், டேஷ்போர்டை மாற்றிக்கொள்ளலாம். ஜப்பானில் அந்தக் காலத்து பென்ஸ்கள் பல இடப்பக்க ஸ்டியரிங், படத்தைப் பார்த்துவிட்டு அவசரப்பட வேண்டாம்.

சேஸிஸ் எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 230சிஇ என்றால் எண்ணுக்குள் 123243 என்ற ஆறு இலக்கம் இருக்கும், அடுத்த இலக்கம் 2 என்றால் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங் வைத்துக் கட்டியது. 123053 என்றால் 280சிஇ. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் பெயிண்ட் எண்ணும் இருக்கும். 737 என்றால் கிளாசிக் வெள்ளை, 904 என்றால் கருநீலம். கார் இப்போது சிவப்பாக இருக்கிறது, தகட்டில் 904 என்று இருக்கிறது என்றால் எப்போதோ முழுக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது

டார்ச், சின்னக் காந்தம், ஒரு பாட்டில் தண்ணீர், அழுக்கானாலும் பரவாயில்லை என்ற சட்டை. மழை விட்ட மறுநாள் போனால் இன்னும் நல்லது.

இங்கே சாலையில் உப்பு கிடையாது, அதனால் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு “சுத்தமாக இருக்கிறதே” என்று ஏமாறுபவர்கள் நிறைய. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, எந்நேரமும் ஈரக்காற்று. இங்கே துரு மேலிருந்து கீழே வரும். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் துரு.

முதல் இடம் வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத் தட்டு. திறந்தவெளிக் கார் பேட்டைகளில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வருடக்கணக்கில் நின்ற கார் என்றால் அந்தப் பொடி இலைகள் உள்ளே இறங்கி, மக்கி, வடிகாலை அடைத்திருக்கும். பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் உள்ளே கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், ஈரமும் வாடையும் இருக்கும். சன்ரூஃப் இருந்தால் அதற்கும் நான்கு மூலையிலும் வடிகுழாய் உண்டு, அதே சோதனை.

இரண்டாவது, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள். ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக இருந்தால் அடியில் தகடு போய்விட்டது. அந்தத் தண்ணீர் பின்பக்கச் சாமான் அறைக்குள் இறங்கும். அங்கே விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியையும் இரண்டு பக்கக் குழிகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றாவது, ஜாக் போடும் துளைகள். சில் என்று சொல்லும், கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தில் பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு, மூடியிருக்கும். மூடியைப் பிடுங்கி உள்ளே பாருங்கள். துளையின் விளிம்பு உதிர்கிறது என்றால் சில் முழுவதும் வெல்டிங் வேலை. பேட்டரி தட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் கீழ்ப்பகுதி, பின் சக்கர வளைவு, இவற்றையும் விடாதீர்கள்.

முடிந்தால் பாடி வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஊரிலிருந்து வந்து இங்கே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பிகளில் சிலருக்கு விரல் நுனியிலேயே தெரிந்துவிடும். ஒரு முறை அப்படி ஒருவரோடு கார் பார்க்கப் போயிருந்தேன். பின் வளைவை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீர் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் மொத்தென்று மாறியது. காந்தத்தை வைத்தார், நிற்காமல் வழுக்கி விழுந்தது. “அண்ணே, இங்க தகடே இல்ல, புட்டிய வெச்சு வளைவ செஞ்சிருக்காங்க” என்றார் (பள்ளத்தை நிரப்பும் பசைதான் புட்டி). வெளியே பளபளவென்று இருந்தது, பேரம் அங்கேயே முடிந்தது.

கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் காரின் விலைக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. மீதிப் பாதி கட்டாயம் செலவாகும்.

எங்கே வைத்து வேலை செய்வது

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் பேட்டையில் இதைச் செய்யக்கூடாது. விதியும் இடம் கொடுக்காது, எண்ணெய் வடிகாலில் போனால் கடைசியில் நீர்த்தேக்கத்துக்கும் கடலுக்கும்தான் போகும். சின் மிங், காக்கி புக்கிட், உபி, டெஃபு, புக்கிட் பாத்தோக் பக்கம் வொர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவை அன்றாட வேலைக்கானவை, மாதக்கணக்கில் ஒரு காரை நிறுத்த அவர்களுக்கு இடம் கிடையாது. பழைய பென்ஸ் பார்க்கும் அங்கிள்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து, காபி வாங்கிக் கொடுத்து, “அங்கிள், சனிக்கிழமை வந்து கூடவே நின்று கற்றுக்கொள்ளலாமா” என்று கேளுங்கள். முகம் பார்த்துப் பழகிய பிறகு பலர் சரி என்பார்கள். வேலை நடக்கும்போது கூட நிற்பது எந்த வீடியோவையும்விட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

பெயிண்டும் சீட் வேலையும் ஜோகூரில் மலிவு என்று எல்லோரும் போகிறார்கள். போகலாம். கிளம்பும்போது தொட்டியில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதும், மலேசியாவின் விஇபி (வாகன நுழைவு அனுமதி) பதிவு வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பாடி வேலைக்கு மட்டும் நான் அங்கே விடச் சொல்ல மாட்டேன். கடற்பாலத்தைத் தாண்டி வாரம் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்க முடியாத வேலையில் துருவுக்கு மேலேயே புட்டி அப்பிவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கட்டம் கட்டமாகச் செய்யச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: 10 வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும், பரிசோதனை முடியாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது, கார் ஸ்டாண்டில் நின்றாலும் வரி, காப்புறுதி, சிஓஇ மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பரிசோதனை முடிந்த மறுவாரமே வேலையைத் தொடங்கி, அடுத்த பரிசோதனைக்கு முன் காரை மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவருகிற மாதிரி திட்டமிடுங்கள். முதல் ஆண்டு பிரேக்கும் எரிபொருளும், இரண்டாம் ஆண்டு துருவும் பெயிண்டும், மூன்றாம் ஆண்டு உள்வேலை. இந்த வரிசையில் நடுவில் பணம் தீர்ந்தாலும் உங்களிடம் ஓடுகிற கார் ஒன்று இருக்கும்.

முதல் கட்டம்: நிற்கவும் ஓடவும்

பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றுங்கள், ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள், கேலிப்பர் பிஸ்டன் இறுகியிருந்தால் பிரித்து சீல் மாற்றுங்கள். பழைய பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் (டயரின் மேல்வரிகள்) எவ்வளவு இருந்தாலும் வயதான டயரை நம்ப வேண்டாம். 195/70 14 அங்குல அளவு இன்னும் கிடைக்கிறது.

இனி எரிபொருள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

230சிஇயில் இருப்பது பாஷ் கே-ஜெட்ரானிக். கம்ப்யூட்டர் உதவியில்லாமல் இயந்திர முறையில் பெட்ரோலைத் தொடர்ச்சியாகப் பீய்ச்சும் அமைப்பு. காற்று ஒரு தட்டைத் தூக்கும், தட்டு ஒரு பிளஞ்சரைத் தூக்கும், பிளஞ்சர் நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து அனுப்பும், அவ்வளவுதான். சுத்தமான பெட்ரோலும் சரியான அழுத்தமும் இருந்தால் பல வருடம் தொல்லை தராது. குறைந்தால் இன்ஜினே போய்விட்டது போல நடிக்கும்.

இந்த ஊரில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிறது. தேக்காவில் நிறுத்தி, காய்கறி வாங்கிக்கொண்டு கால்மணி நேரத்தில் திரும்பி வந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி சரி. என்ன நடக்கிறது என்றால், இன்ஜினை நிறுத்தியதும் பானெட்டுக்குள் சூடு ஏறும், காற்றோட்டம் கிடையாது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பெட்ரோல் கொதிக்காது. அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது பின்பக்கம் பம்ப் அருகில் இருக்கும் அக்யுமுலேட்டரும் பம்பில் உள்ள சின்ன வால்வும். இரண்டில் ஒன்று கசிந்தால் அழுத்தம் இறங்கி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். இதைத் தெரியாமல் ஸ்டார்ட்டர், பிளக், கடைசியில் விலை உயர்ந்த ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டர் வரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எதையும் மாற்றும் முன் கே-ஜெட்ரானிக்குக்கான அழுத்தமானி ஒன்றை வாங்குங்கள் அல்லது கடன் வாங்குங்கள். ஓடும்போது எவ்வளவு, நிறுத்தி இருபது நிமிடம் கழித்து எவ்வளவு என்று பார்த்து, சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மானி சொல்வதை மட்டும் நம்புங்கள். ஓடும்போது குழாயில் 5 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும் என்பதால் எந்த இணைப்பையும் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்குங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், இன்ஜின் ஆறியிருக்கட்டும்.

நெடுநாள் நின்ற கார் என்றால் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். தொட்டியின் அடியில் ஒரு வலை வடிகட்டி இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. தொட்டியை வடித்து, அந்த வலையைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, அதற்குப் பிறகுதான் பம்பை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் துரு முழுக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். ஐடில் (கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஓட்டம்) தடுமாறினால் இன்ஜெக்டர் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்களைப் பாருங்கள், கெட்டியாகி, தொட்டால் பொடியும். விலை மிகக் குறைவு, பலன் மிக அதிகம். பெட்ரோல் 98 போடுங்கள்.

இந்த இன்ஜினின் டைமிங் செயின் ஒற்றை வரிசை. அறுந்தால் வால்வுகள் போய்விடும். முந்தைய உரிமையாளரிடம் மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு செயின், டென்ஷனர், கைடுகளைச் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

ஆட்டோ கியர் தடாலென்று விழுகிறது என்றால் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிற முதல் ஆளை நம்பாதீர்கள். கியர் மாறும் மென்மை வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) குழாயைப் பொறுத்தது. சின்ன ரப்பர் முனை ஒன்று கிழிந்திருக்கும். இந்தக் காரில் கதவுப் பூட்டுகள்கூட வேக்கத்தில்தான் வேலை செய்கின்றன, ஓர் இடத்தில் கசிந்தால் பத்து இடத்தில் குறி தெரியும்.

இரண்டாம் கட்டம்: துரு

பிரிக்கும்போது போட்டோ எடுங்கள், எடுத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு போல்ட்டும் ஸிப் பையில், பையின் மேல் எங்கிருந்து எடுத்தது என்று எழுதிய ஸ்டிக்கர். குரோம் பட்டைகளைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் தனி டப்பாவில். ஜன்னல் ரப்பர்களை இழுக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் விட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் அங்குலம் அங்குலமாக எடுத்து, சிலிகான் தடவி, வெயில் படாத இடத்தில் மடிக்காமல் தொங்கவிடுங்கள்.

துருவை மேலே தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் இந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. நல்ல தகடு பளிச்சென்று தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி, வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். வெல்டிங் முடிந்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும், வெறும் இரும்பை இந்தக் காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்பழுப்புப் படலம் நிற்கும். பெயிண்ட் முடிந்ததும் சில், கதவின் உட்பகுதி, பின் வளைவு இவற்றுக்குள் நீளக் குழாய் வைத்துத் துருத்தடுப்பு மெழுகு பீய்ச்சுங்கள். வடிகால் துளைகளை மெழுகு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது, இதைச் செய்த காரும் செய்யாத காரும் சில வருடத்தில் வேறு வேறாக நிற்கும்.

நிறம் உங்கள் விருப்பம், ஆனால் தகட்டில் இருக்கும் எண்ணுக்கே திரும்பினால் காரின் மதிப்பும் அழகும் கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாற்றுவதாக இருந்தால் ஆணையத்தின் பதிவிலும் நிறத்தை மாற்ற வேண்டும்.

பெயிண்ட் கடை ‘கதவை மூடியபடியே அடித்துத் தருகிறோம், சீக்கிரம் முடியும்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தூண் இல்லாத காரில் கதவு விளிம்பும் ரப்பர் உட்காரும் பள்ளமும் எப்போதும் கண்ணில் படும்.

மூன்றாம் கட்டம்: பூட்டுவதும் உள்வேலையும்

கண்ணாடிகளைச் சரியாக உட்கார வைப்பதுதான் கூப்பேயில் பொறுமையைக் கேட்கும் வேலை. கதவுக்குச் சட்டம் கிடையாது, கண்ணாடி நேராகக் கூரை ரப்பரில் போய் முட்ட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் கதவை கீலில் சரிசெய்து, பிறகு பின் ஜன்னலை நிலைநிறுத்தி, கடைசியில் முன் கதவுக் கண்ணாடியை அதோடு பொருத்த வேண்டும். ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு இறுக்கம் இருக்க வேண்டும். அப்புறம் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸில் தண்ணீர் அடிக்கட்டும். கம்பளம் விரிப்பது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

ஏர்கான் இல்லாமல் இங்கே யாரும் இரண்டு முறைக்கு மேல் காரை எடுக்க மாட்டார்கள். பழைய அமைப்பு ஆர்12 வாயுவுக்கானது, அது இப்போது கிடையாது. ஆர்134ஏக்கு மாற்றும்போது வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. பழைய எண்ணெயை வெளியேற்றி, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட வேண்டும். ஜன்னல் கறுப்புத்தாள் ஒட்டினால் முன் கண்ணாடிக்கும் முன்பக்க ஜன்னல்களுக்கும் 70 விழுக்காடு ஒளி உள்ளே வர வேண்டும், பின்பக்கத்துக்கு 25.

சீட்டில் எம்பி-டெக்ஸ் எனும் வினைல் இருந்தால் அதிர்ஷ்டம், சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பல நேரம் புதுசாகிவிடும். அதைக் கிழித்துவிட்டுத் தோல் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பாகங்களுக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அனுப்பும் செலவும் சேரும். ஒன்றொன்றாக வாங்காமல் பட்டியல் போட்டு மொத்தமாக வரவழையுங்கள், பாக எண்ணைக் காரின் சேஸிஸ் எண்ணோடு சரிபார்த்த பிறகு.

பரிசோதனையும் அதற்குப் பிறகும்

விகாம் போன்ற பரிசோதனை நிலையத்துக்குப் போகும் முந்தைய வாரம் விளக்குகள், ஹாரன், கைபிரேக், ஸ்டியரிங் ஆட்டம், டயர், எண்ணெய்க் கசிவு, புகை ஆகியவற்றை நீங்களே பாருங்கள். இந்தக் காரின் ஸ்டியரிங் பெட்டியில் கொஞ்சம் ஆட்டம் இயல்பு, ஆனால் இணைப்புக் கம்பிகளின் மூட்டு தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு உள்ளே போனால் புகை அளவு நன்றாக இருக்கும். காப்புறுதி எடுக்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்புக்குத் தருவார்களா என்று கேளுங்கள், ரசீதுகளையும் போட்டோக்களையும் காட்டினால் பேச எளிது.

ஓடத் தொடங்கிய பிறகு நிறுத்தி வைக்காதீர்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் வெப்பமானி நிலைக்கு வந்து நிற்கும்வரை, பிறகும் கொஞ்ச தூரம், விரைவுச்சாலையில் ஓட்டுங்கள், எக்ஸாஸ்ட்டில் தேங்கும் ஈரம் அப்போதுதான் போகும். மழையில் நனைந்து வந்தால் மறுநாள் கதவுகளைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள். மாதம் ஒரு முறை வைப்பருக்குக் கீழே கைவிட்டு இலைகளை அள்ளி எடுத்துவிட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள்.